மியான்மர் ராணுவ ஆட்சிக்குக் கண்டனம்: கூட்டம் நடத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி, பெருமாட்டி பக்கத்துத் தமிழ் வாசகசாலைகளுக்கும், கோபாலபுரம் செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சி வட்டத்தில் இருக்கும் மன்றங்களுக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறோம். மியான்மர் ராணுவத்தைக் கண்டித்துக் கூட்டம் போடுவது, தீர்மானம் எழுதுவது, அதை உரிய இடத்துக்கு அனுப்புவது பற்றி வரும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை.

அங்கே என்னதான் நடந்தது? இரண்டு நிமிஷத்தில் சொல்ல முடியுமா?

2020 நவம்பர் 8 அன்று நடந்த பொதுத்தேர்தலில் ஆங் சான் சூ கியின் தேசிய ஜனநாயகக் கட்சி, தேர்தல் நடந்த 476 இடங்களில் 396-ஐப் பிடித்தது. புதிய நாடாளுமன்றம் கூட வேண்டிய நாள் 2021 பிப்ரவரி 1. அன்று விடிவதற்குள் தலைவர்களைக் கைது செய்து, தலைமைத் தளபதி மின் ஆங் லயிங் ஆட்சியைக் கையில் எடுத்துக்கொண்டார். வாக்காளர் பட்டியலில் மோசடி என்றார்கள். தேர்தல் ஆணையம் அதை மறுத்தது.

இத்தனைக்கும் ராணுவமே எழுதிய 2008 அரசியலமைப்பு அவர்களுக்கு நாடாளுமன்றத்தில் 25 சதவீத இடத்தைத் தேர்தல் இல்லாமலே தந்திருந்தது. பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் ஆகிய 3 துறைகளுக்கும் அமைச்சரைச் சொல்வது தளபதிதான். முக்கியப் பிரிவுகளைத் திருத்த 75 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வேண்டும். அதாவது அவர்கள் சம்மதம் இல்லாமல் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது. அப்படி ஒரு சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டும் தோல்வியைத் தாங்க முடியவில்லை என்பதைக் கூட்டத்தில் அழுத்திச் சொல்லுங்கள்.

அதன்பின் நெருக்கடிநிலையை ஆறாறு மாதமாக நீட்டி 2025 ஜூலை 31 வரை இழுத்தார்கள். வென்ற கட்சியை 2023 மார்ச்சில் கலைத்துவிட்டு, 2025 டிசம்பர் 28 முதல் கட்டங்கட்டமாக ஒரு தேர்தல் நடத்தினார்கள். எதிராளியைச் சிறையில் வைத்துவிட்டு ஓடிய ஓட்டப்பந்தயம் அது. தேர்தலை விமர்சித்தாலே தண்டனை என்று அதற்கு முன்பே சட்டமும் போட்டிருந்தார்கள்.

பாலக்காட்டு எல்லையில் இருக்கிற நமக்கும் பர்மாவுக்கும் என்ன சம்பந்தம்?

மூன்று சம்பந்தம் உண்டு. கேட்பவர் யாரோ அதற்கேற்ற பதிலை எடுங்கள்.

வயதானவர்கள் கேட்டால் 1962 மார்ச் 2-ஐச் சொல்லுங்கள். நெ வின் ஆட்சியைப் பிடித்த நாள் அது. 1964-ல் கடைகளையும் வியாபாரத்தையும் தேசியமயமாக்கினார்கள். அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்றார்கள். தலைமுறையாய் அங்கேயே இருந்த தமிழர்கள் பெட்டி படுக்கையோடு சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியது அதற்குப் பிறகுதான். 1982 குடியுரிமைச் சட்டம் மிச்சமிருந்தவர்களில் பலரை இரண்டாந்தர, மூன்றாந்தரக் குடிமக்கள் ஆக்கியது. 1823-க்கு முன்பே அந்த மண்ணில் இருந்த இனமா என்பதுதான் அதன் அளவுகோல்.

இளைஞர்கள் கேட்டால் மியாவாடியைச் சொல்லுங்கள். தனிக் கேள்வியாகக் கீழே இருக்கிறது.

வரி கட்டுகிறவர்கள் கேட்டால் ஆயுதக் கணக்கைச் சொல்லுங்கள். ஐ.நா.வின் மியான்மர் சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2023 மே மாதம் வெளியிட்ட அறிக்கைப்படி, ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் அந்த ராணுவத்துக்குப் போன ஆயுதமும் மூலப்பொருளும் குறைந்தது 100 கோடி டாலர். ரஷ்யாவிலிருந்து 40.6 கோடி, சீனாவிலிருந்து 26.7 கோடி, சிங்கப்பூரில் இயங்கும் நிறுவனங்கள் வழியாக 25.4 கோடி, இந்தியாவிலிருந்து 5.1 கோடி, தாய்லாந்திலிருந்து 2.8 கோடி. இந்தியக் கணக்கில் அரசுத்துறை நிறுவனங்களும் உண்டு. 2021 ஜூன் 18 அன்று, ஆயுதம் போவதைத் தடுக்கச் சொல்லி ஐ.நா. பொதுச்சபையில் தீர்மானம் வந்தபோது 119 நாடுகள் ஆதரித்தன. பெலாரஸ் மட்டும் எதிர்த்தது. 36 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன. ஒதுங்கியவற்றில் இந்தியாவும் ஒன்று. 2022 டிசம்பர் 21 அன்று பாதுகாப்புக் குழுத் தீர்மானம் 2669 வந்தபோதும் சீனா, ரஷ்யாவோடு இந்தியாவும் ஓட்டுப் போடவில்லை.

நம் கண்டனத்துக்கு முகவரி வேண்டும் என்றால் அது மியான்மர் தலைநகர் நேப்பிடோவில் இல்லை, டெல்லியில் இருக்கிறது. தளபதி நம் தீர்மானத்தைப் படிக்கப்போவதில்லை. நம் எம்.பி. படிப்பார், படிக்க வைக்கலாம்.

தீர்மானத்தை எப்படி எழுதுவது?

பெரும்பாலான ஊர்களில் தப்பு நடப்பது இங்கேதான். வழக்கமாக வருவது இப்படி இருக்கும்: "மியான்மரில் அப்பாவி மக்கள்மீது நடத்தப்படும் கொடுமைகளை இக்கூட்டம் வன்மையாகக் கண்டிக்கிறது." இதில் யார் செய்தார், எங்கே, என்றைக்கு, என்ன வேண்டும் என்று ஒன்றும் இல்லை. நாட்டின் பெயரை மாற்றிவிட்டால் எந்த நாட்டுக்கும் பொருந்தும். வாங்கும் அதிகாரியும் "பெறப்பட்டது" என்று முத்திரை வைத்து மூடிவிடுவார்.

அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "2023 ஏப்ரல் 11 காலை, சாகைங் பகுதி, கன்பலு வட்டம், பாசிஜி கிராமத்தில் கூடியிருந்த மக்கள்மேல் மியான்மர் விமானப்படை குண்டு வீசி, பின் ஹெலிகாப்டரிலிருந்தும் சுட்டு, குழந்தைகள் உட்பட 160 பேருக்கு மேல் கொன்றதை இக்கூட்டம் கண்டிக்கிறது. தாக்குதல் நடத்தியதை ராணுவமே ஒப்புக்கொண்டிருக்கிறது." யாரும் மறுக்க முடியாது.

ஒரு தீர்மானத்துக்கு மூன்று சம்பவம் போதும். பத்து வைத்தால் எதுவும் நிற்காது. எங்கள் தேர்வு: பாசிஜி, 2021 டிசம்பர் 24 அன்று கயா மாநிலம் மோ சோ கிராமத்தருகே 35 பேருக்கு மேல் கொன்று, வண்டிகளோடு எரித்தது (இறந்தவர்களில் குழந்தைகள் நல அமைப்பின் ஊழியர் இருவரும் உண்டு), 2022 ஜூலையில் முன்னாள் எம்.பி. பியோ செயா தாவ், 1988 மாணவர் தலைவர் கோ ஜிம்மி உட்பட நால்வரைத் தூக்கிலிட்டது. அதற்கு முன் முப்பது ஆண்டுக்கு மேல் அந்த நாட்டில் மரண தண்டனை நிறைவேறியதில்லை.

கடைசியில் கோரிக்கை. அதுவும் மூன்றே. இந்தியாவிலிருந்து அந்த ராணுவத்துக்கு ஆயுதமும் உதிரிபாகமும் போகக் கூடாது. மிசோரம், மணிப்பூரில் தஞ்சம் புகுந்தவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. ஐ.நா. ஓட்டெடுப்பில் ஒதுங்குவதை நிறுத்த வேண்டும். மொத்தம் 250 சொல்லுக்குள் முடியுங்கள். ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும்.

இறந்தவர் எண்ணிக்கையை எந்தக் கணக்குப்படி சொல்வது?

அரசியல் கைதிகள் உதவிச் சங்கம் என்ற பர்மிய அமைப்பின் கணக்கைத்தான் ஐ.நா.விலிருந்து பத்திரிகை வரை எல்லோரும் எடுக்கிறார்கள். பெயர் தெரிந்து, உறுதிசெய்த மரணத்தை மட்டும் எண்ணுகிறார்கள். ஆகவே அது குறைந்தபட்சக் கணக்கு. "குறைந்தது" என்ற சொல்லையும் கணக்கு எடுத்த தேதியையும் விடாமல் போடுங்கள். "லட்சக்கணக்கில் கொன்றார்கள்" என்று மேடையில் ஒருவர் வேகத்தில் சொல்லிவிட்டால் மறுநாள் அந்த ஒரு வரிதான் செய்தியாகும். மற்ற உண்மையெல்லாம் அதோடு போகும். பிளாச்சிமடையில் கோகோ-கோலா ஆலையை எதிர்த்து 2002-ல் பந்தல் போட்ட பூமி இது. கோஷத்தோடு கிணற்றுநீர்ச் சோதனை முடிவும் கையில் இருந்தால் பேச்சுக்கு எவ்வளவு கனம் கூடும் என்று இங்குள்ளவர்களுக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

வாட்ஸ்ஆப்பில் வரும் படங்களை பேனரில் போடலாமா?

வேண்டாம். திபெத்திய பிக்குகள் பிணக்குவியல் நடுவே நிற்கும் படம் ஒன்று பர்மாப் படுகொலை என்று பல ஆண்டாகச் சுற்றுகிறது. உண்மையில் அது 2010-ல் சீனாவின் யூஷூவில் நிலநடுக்கத்துக்குப் பின் எடுத்தது. பிக்குகள் அங்கே இறந்தவர்களைத் தகனம் செய்ய உதவியவர்கள். 2008 நர்கிஸ் புயல் படங்களும் இப்படியே வேறு பெயரில் வரும். படத்தைத் தலைகீழ்த் தேடலில் போட்டு, முதலில் வெளியான தேதியைப் பாருங்கள். தேதியும் இடமும் கிடைக்காத படம் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் தள்ளிவிடுங்கள்.

பிணம், ரத்தம் எதற்கு? அங்கே எதிர்ப்பின் அடையாளமான, மூன்று விரலைத் தூக்கிய கை போதும். 2021 பிப்ரவரி 2 இரவு முதல் தினமும் 8 மணிக்கு யாங்கூன் (ரங்கூன்) வீடுகளில் சட்டி, தட்டு, தகரத்தை அடித்தார்கள். பேயை விரட்ட அவர்கள் செய்யும் பழைய வழக்கம் அது. தெருவுக்குக் குறுக்கே கொடி கட்டிப் பெண்கள் தம் லுங்கியைக் காயப்போட்டதும் உண்டு. அதன் அடியில் நடந்தால் ஆண்மையின் மகிமை போய்விடும் என்று சிப்பாய்களுக்குப் பயம். துப்பாக்கியோடு வந்தவன் தெருமுனையில் நின்று, கம்பு தேடிக் கொடியை அவிழ்த்துவிட்டு உள்ளே வர வேண்டியிருந்தது. பேச்சாளர் இதைச் சொன்னால் கடைசி வரிசைக்கும் புரியும்.

"பர்மா" என்பதா, "மியான்மர்" என்பதா?

நோட்டீசில் மியான்மர், பேச்சில் பர்மா. 1989-ல் பெயரை மாற்றியது ராணுவம்தான் என்றாலும் இப்போது எதிர்ப்பாளர்களும் மியான்மர் என்றே எழுதுகிறார்கள். இதைவிட முக்கியம் வேறொன்று: ராணுவத்தை "தத்மடோ" என்று எழுதாதீர்கள். அதில் வரும் "டோ" மரியாதை ஒட்டு, அரசனுக்கு உரியது. அங்குள்ள மக்கள் அதைக் கழற்றிவிட்டு "சிட் தாட்", அதாவது வெறும் படை என்கிறார்கள். நாம் "மியான்மர் ராணுவம்" என்றால் போதும்.

ரோஹிங்யாக்களைப் பற்றிப் பேசினால் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடுமே?

பிரியலாம். அதற்காக விட முடியாது. 2017 ஆகஸ்ட் 25-க்குப் பின் ஏழு லட்சத்துக்கு மேற்பட்டவர்களை வங்கதேசத்துக்கு விரட்டிய அதே தளபதிதான் 2021-ல் ஆட்சியைப் பிடித்தார். ரோஹிங்யாக்களின் ரக்கைன் மாநிலத்தில் தண்டனையில்லாமல் தப்பித்ததுதான் யாங்கூனில் துணிச்சலானது. காம்பியா 2019 நவம்பரில் சர்வதேச நீதிமன்றத்தில் இனப்படுகொலை வழக்குப் போட்டது. 2020 ஜனவரி 23 அன்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவு தந்தது. 2024 நவம்பர் 27 அன்று சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் வழக்குரைஞர் மின் ஆங் லயிங்குக்குக் கைது வாரண்ட் கேட்டார். கேட்டது மனுதான், "வாரண்ட் பிறப்பிக்கப்பட்டது" என்று நோட்டீசில் அச்சடிக்காதீர்கள்.

இதைப் பௌத்தர் – முஸ்லிம் சண்டை ஆக்குகிறவர் மேடையில் இருந்தால் தலைவர் மைக்கைத் திருப்பி வாங்க வேண்டும். 2007-ல் காவி உடுத்து ராணுவத்தை எதிர்த்துத் தெருவில் நடந்தவர்களும் பிக்குகள்தான். சின், கச்சின் பகுதிகளில் தேவாலயங்களும் குண்டுக்கு இரையாகின்றன.

எதிர்ப்பாளர் தரப்பின் தப்பையும் மறைக்க வேண்டாம். 2024 ஆகஸ்ட் 5 அன்று மவுங்டாவில் தப்பியோடிய ரோஹிங்யாக்கள்மேல் நடந்த டிரோன் தாக்குதலுக்கு, ரக்கைனில் ராணுவத்தோடு போரிடும் ஆயுதக்குழுவான அராக்கான் படைமேல் குற்றச்சாட்டு இருக்கிறது. அவர்கள் மறுக்கிறார்கள். ஒரு வரியில் சொல்லி, விசாரணை கேளுங்கள்.

அனுமதி எங்கே வாங்குவது?

வாசகசாலைக்குள் மைக் இல்லாமல் என்றால் அனுமதி பற்றிக் கவலையில்லை. ஸ்டேஷனில் வாய்மொழியாகச் சொல்லிவைத்தால் நல்லது. வெளியே பந்தல் போட்டால் இடத்துக்காரரின் சம்மதக் கடிதத்தோடு ஸ்டேஷனில் மனுக் கொடுங்கள். மைக்குக்குத் தனி அனுமதி. 7 நாள் முன்னதாகக் கொடுத்தால் ஓட வேண்டியதில்லை. கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழில் கடிதம் எழுதலாம். என்றாலும் மலையாளப் படி ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தால் "ட்ரான்ஸ்லேட் செய்யணும்" என்ற சாக்கு இல்லை.

ரோட்டோரம் பந்தல் போடாதீர்கள். பொதுவழிகளில் கூட்டம், ஊர்வலத்தைக் கட்டுப்படுத்தக் கேரளத்தில் 2011 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. பி.வி.சி. ஃபிளெக்ஸுக்கும் இங்கே தடை. பொள்ளாச்சியில் அடித்து எடுத்து வந்து அவிழ்த்துப் போட்ட கதையெல்லாம் வேண்டாம், 8 அடிக்கு 4 அடி துணி பேனர் எழுதுங்கள். இரவு 10-க்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. கோபாலபுரத்தைத் தாண்டி ஊர்வலம் போகும் ஆசையையும் விட்டுவிடுங்கள்: இரண்டு மாநிலம், இரண்டு போலீஸ், ஒருவர் தந்தது மற்றவருக்குச் செல்லாது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ஒரே நாளில் இரண்டு கூட்டம் நடத்தி, ஒரே தீர்மானத்தை நிறைவேற்றுவது மேல்.

அயல்நாட்டு அரசைக் கண்டிப்பது சட்டப்படி குற்றமா?

இல்லை. பேச்சுரிமைக்கு வரம்பு சொல்லும் 19(2)-ஆம் பிரிவில் "அயல்நாடுகளுடன் நட்புறவு" என்ற காரணம் 1951-ல் சேர்ந்தது உண்மை. ஆனால் அது தனியாக எதையும் குற்றமாக்காது. சட்டம் ஒன்று வேண்டும், அதுவும் நியாயமான அளவில் இருக்க வேண்டும். கண்டனத் தீர்மானம் அதற்குள் வராது.

ஆயுதத்துக்குப் பணம் திரட்டுவது வேறு விஷயம். இந்தியாவோடு சமாதானமாக உள்ள நாட்டு அரசுமேல் போர் தொடுப்பதைப் பாரதிய நியாய சன்ஹிதா 153-ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. முயல்வதும் உடந்தையும் அதில் அடங்கும். உண்டியல் வேண்டும் என்றால் மிசோரத்தில் அகதிகளுக்குச் சோறு போடும் தேவாலயங்களுக்கும் மிசோ இளைஞர் சங்கத்துக்கும் அனுப்புங்கள். நாட்டுக்குள்ளேயே போகும் பணம், ரசீதும் கிடைக்கும். கொடி எரிப்பது வேண்டாம். அது அந்த மக்களின் கொடியும்கூட.

பர்மாவிலிருந்து வந்தவர்களை மேடையேற்றலாமா?

அங்கே உறவு இருப்பவர் என்றால் பெயர், படம், ஊர் மூன்றும் வேண்டாம். மியான்மர் தண்டனைச் சட்டத்தில் 2021 பிப்ரவரியில் சேர்த்த 505-ஏ பிரிவில் ஒரு ஃபேஸ்புக் பதிவுக்கே 3 ஆண்டு சிறை. எதிர்ப்பாளர்களின் வீட்டைப் பூட்டி சீல் வைப்பதும் நடக்கிறது. கூட்ட வீடியோவை மோல்மேனில் இருக்கும் மாமாவுக்கு அன்போடு அனுப்பிவிடாதீர்கள். சோதனைச்சாவடியில் செல்போனை வாங்கிப் பார்க்கிறார்கள். 2025 ஜனவரி 1-ல் வந்த இணையச் சட்டப்படி, தடை செய்த தளங்களைப் பார்க்க உதவும் வி.பி.என். சேவையை அனுமதியில்லாமல் தருவதும் குற்றம். வீட்டில் 18 முதல் 35 வயது ஆண்பிள்ளை இருந்தால் பயம் இரட்டிப்பு: 2024 பிப்ரவரி 10 முதல் கட்டாய ராணுவச் சேவை அமலில் இருக்கிறது. பெண்களுக்கு 18 முதல் 27.

விசாவில் படிக்கும் மியான்மர் மாணவரையும் மேடைக்கு இழுக்காதீர்கள். அவர் சொல்ல விரும்பினால் நம்மில் ஒருவர் எழுதி வாசிக்கட்டும்.

மியாவாடி என்கிறார்களே, அது என்ன?

தாய்லாந்தின் மே சோட்டுக்கு எதிர்க்கரையில், மோய் ஆற்றுக்கு அப்பால் இருக்கும் ஊர். ஆட்களை அடைத்துவைத்து இணைய மோசடி வேலை வாங்கும் கே.கே. பார்க் போன்ற வளாகங்கள் இங்கே முளைத்தன. ராணுவத்தோடு ஒட்டிய கரென் எல்லைக்காவல் படையின் நிழலில் வளர்ந்தவை. "பாங்காக்கில் டேட்டா என்ட்ரி, தங்குமிடம் இலவசம்" என்று டெலிகிராமில் நேர்காணல் வைப்பார்கள். சுற்றுலா அனுமதியில் விமானம் ஏற்றுவார்கள். பாங்காக்கில் இறங்கியதும் கார் ஊருக்குள் போகாமல் வடமேற்கே ஏழெட்டு மணி நேரம் ஓடினால் அது மே சோட்டுக்கு. ஆற்றங்கரையை அடைந்துவிட்டால் பாஸ்போர்ட் கையில் இருக்காது. வழியில் பெட்ரோல் பங்கில் நிற்கும்போதே இறங்கி, தாய்லாந்து போலீசையோ இந்தியத் தூதரகத்தையோ கூப்பிட வேண்டும். 2025 மார்ச் 10, 11 தேதிகளில் விமானப்படை விமானங்கள் 549 இந்தியரை மீட்டு வந்தன.

புறப்படும் முன் வேலைத்தரகருக்கு வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் தளத்தில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். சுற்றுலா அனுமதியில் வேலை என்று சொன்னாலே தரகரை வாசலோடு அனுப்பிவிடலாம். திரும்பி வந்தவர் செல்போனில் படம், உரையாடல் இருந்தால் அதை ஃபார்வேர்ட் செய்து பரப்பாமல் அப்படியே வைத்து, போலீசில் கொடுக்கும்போது பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஃபார்வேர்டில் தேதியும் தரமும் போய்விடும், நீதிமன்றத்தில் நிற்காது.

கிராம சபையில் தீர்மானம் போட்டால் கனம் கூடாதா?

வெளியுறவு பஞ்சாயத்தின் அதிகார வரம்பில் இல்லை. பதிவேட்டில் ஏற்றலாமா என்ற சண்டையிலேயே பொழுது போகும், தெருவிளக்கும் தண்ணீரும் பின்னுக்குப் போகும். வாசகசாலைப் பொதுக்குழுவிலேயே நிறைவேற்றுங்கள்.

தீர்மானத்தை நிறைவேற்றியாயிற்று. அடுத்து?

முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், வந்தவர் எண்ணிக்கை மூன்றையும் மினிட்ஸில் ஏற்றி, தலைவர் கையெழுத்தோடு 5 படி எடுங்கள். நம் ஊர்கள் இருக்கும் சித்தூர் சட்டமன்றத் தொகுதி ஆலத்தூர் மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சி. இரண்டு எம்.பி.க்கும் ஒரே வாரத்தில் கொடுங்கள். வெறும் தீர்மானத்தைக் கொடுத்தால் போட்டோ எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். கூடவே மக்களவையில் கேட்க வேண்டிய கேள்வியையும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, 150 சொல்லுக்குள் கொடுங்கள். கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அதனால் கூட்டத்தொடர் தொடங்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே போய்ப் பாருங்கள்.

இன்னொரு பக்கம் தகவல் உரிமை மனு. 10 ரூபாய், 500 சொல்லுக்குள். ராணுவத் தளவாட ஏற்றுமதிக்கு ஸ்கோமெட் (தனி அனுமதி வேண்டிய ஏற்றுமதிப் பொருள்கள்) பட்டியலின் 6-ஆம் வகையில் அனுமதி தருவது பாதுகாப்பு உற்பத்தித் துறை. "2021 பிப்ரவரி 1-க்குப் பின் மியான்மருக்கு எத்தனை அனுமதி, ஆண்டுவாரியாக" என்று எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள். எந்தப் பொருள், எந்தப் படைப்பிரிவு என்று நுழைந்தால் அயல்நாட்டு உறவு என்று 8(1)(அ) பிரிவைக் காட்டி முழு மனுவையும் மறுத்துவிடுவார்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்குக் கட்டணம் இல்லை. தபால் ரசீதை மினிட்ஸ் புத்தகத்தின் அதே பக்கத்தில் ஒட்டிவையுங்கள், இல்லையென்றால் மேல்முறையீட்டு நேரத்தில் அது எந்தப் பீரோவில் இருக்கிறது என்று தேட வேண்டிவரும்.